தலைக்குள் வைத்த குழாய் பிறந்த கதை

குளிக்க வார்க்கும்போது கையில் தட்டுப்படும். பிள்ளையின் காதுக்குப் பின்னால், முடிக்குள், சுண்டுவிரல் நுனியளவில் ஒரு மேடு. அதிலிருந்து மெல்லிய குழாயொன்று தோலுக்கடியில் கழுத்தோரமாக இறங்கி, காறை எலும்பைத் தாண்டி, நெஞ்சின் மேலாக ஓடி, வயிற்றுக்குள் மறைந்துவிடும். பழகாதவர்கள் தொட்டவுடன் கையை இழுத்துக்கொள்வார்கள். தாய்க்கு அது பிள்ளையின் மூக்கு, முழிபோல உடம்போடு வந்த ஒன்று. அச்சுவேலிப் பக்கத்தில் "தலைக்கை குழாய் வைச்ச பிள்ளை" என்றால் விளங்கிக்கொள்வார்கள். கிளினிக் கொப்பியில் அதையே டொக்டர் ‘வி.பி. ஷண்ட்’ என்று எழுதியிருப்பார்.

ஒரு பூட்டுக் கம்பனித் தொழிலாளி, ஒரு கதை எழுத்தாளர், விளையாட்டு விமான எஞ்சினுக்குப் பம்பு செய்த ஒருவர், வட இந்தியாவின் சிறு நகரமொன்றின் பட்டறை என்று பல கைகள் மாறித்தான் இந்தக் குழாய் இன்றைய உருவத்துக்கு வந்தது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், குழாய் வைக்கும் நிலை ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

அச்சுவேலிக்கு அயலில், நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு மூளையின் உள்ளறைகளை விளங்கப்படுத்துவது எளிது. மேலே இருந்து பார்த்தால் அசையாமல் கிடக்கும் தண்ணீர். அடியிலோ சுண்ணக்கல் குகை, கண்ணுக்குத் தெரியாத வழிகள், ஓயாத நீரோட்டம். மூளைக்குள்ளும் அப்படி நான்கு அறைகள் உண்டு. பளிங்குபோலத் தெளிந்த ஒரு நீர் அவற்றின் உள்ளேயே சுரக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லீற்றர். எந்த நேரத்திலும் தலையிலும் முதுகுத்தண்டிலுமாகச் சேர்ந்து இருப்பது 150 மில்லிலீற்றர் அளவுதான். ஆகவே ஒரு நாளில் மூன்று தடவையாவது அது பழையது போய்ப் புதிதாகிறது. மூன்றாம் அறையிலிருந்து நான்காம் அறைக்குப் போகும் வழி ஓர் ஊசித்துளை அகலம். அதைக் கடந்து வெளியே வந்து, மூளையின் மேற்பரப்பைச் சுற்றி, கடைசியில் நாளங்களில் ஓடும் இரத்தத்தோடு கலந்துவிடும்.

இந்த அறைகளுக்குள் இரத்தம் கொட்டினால் இரண்டு கெடுதிகள் நடக்கும். இரத்தம் கட்டியாகி அந்த ஒடுங்கிய வழியை அடைத்துவிடலாம். அது தப்பினாலும், சிதைந்த இரத்தக் கலங்களின் கசடு நீர் உறிஞ்சப்படும் இடங்களில் படிந்து அவற்றைத் தூர்த்துவிடலாம். சுரப்பு மாத்திரம் நிற்காது. உள்ளறைகள் வீங்கும். கைக்குழந்தையின் மண்டையோட்டுப் பொருத்துகள் இன்னும் இறுகியிராதபடியால் தலை பெருக்கும், உச்சிக்குழி புடைக்கும். வளர்ந்தவரின் மண்டையோடு விட்டுக்கொடுக்காது. அமுக்கம் முழுவதும் மூளைமேல் விழும். தலையிடி, சத்தி, மயக்கம், பிறகு நினைவு தப்புதல்.

இரத்தம் எங்கிருந்து வருகிறது? வயதைப் பொறுத்தது.

மாதம் குறைந்து பிறக்கும் பிள்ளைகளில் அறைச் சுவரையொட்டி ஒரு மென்படலம் இருக்கிறது. மூளையின் கலங்கள் பிறந்து, அங்கிருந்துதான் தங்கள் தங்கள் இடத்துக்குப் போகின்றன. அந்த வேலைக்காக அங்கே நிறைய இரத்தக் குழாய்கள். சுவர் மெல்லியவை, தாங்குவதற்குச் சுற்றிலும் திசுப்பலம் இல்லாதவை. கர்ப்பத்தின் 32 முதல் 34 கிழமைக்குள் இந்தப் படலம் தானாகவே சுருங்கிவிடும். 26, 28 கிழமையில் பிறந்துவிட்ட பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. சுவாசம் முட்டும், இரத்த அழுத்தம் ஒரு நேரம் விழும், ஒரு நேரம் எழும். அந்த ஏற்ற இறக்கத்தில் குழாய்கள் வெடிக்கின்றன. பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள்ளே நடந்து முடிந்துவிடும். பல பிள்ளைகளில் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

தெரியாது என்பதே 1978 வரை சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லூ-ஆன் பாப்பில் என்ற பெண் மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த 46 பிள்ளைகளின் தலையை, நோய்க்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்போது புதிதாக வந்திருந்த சி.ரி. ஸ்கானில் வரிசையாகப் படம் பிடித்தார்கள். 20 பிள்ளைகளுக்கு இரத்தக் கசிவு இருந்தது. கிட்டத்தட்ட பாதி. அவர் வகுத்த நான்கு படிநிலைகளைத்தான் இன்றைக்கும் குறைமாதப் பிள்ளை வோட்டில் எழுதுகிறார்கள். படலத்துக்குள் மாத்திரம் கசிந்திருந்தால் முதலாவது; அறைக்குள் வந்தும் அறை வீங்காவிட்டால் இரண்டாவது; அறை நிரம்பி வீங்கினால் மூன்றாவது; மூளைத் திசுவுக்குள்ளும் இரத்தம் இருந்தால் நான்காவது. முதல் இரண்டில் பெரும்பாலான பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போவார்கள். மூன்றிலும் நான்கிலும்தான் தலையில் நீர் தேங்குவது, கைகால் இறுகிப்போவது, பார்வைக் குறைபாடு, படிப்பில் பின்தங்குவது எல்லாம் வரக்கூடியவை. வரக்கூடியவை என்றுதான் சொல்லலாம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை நடக்காது என்று சாத்திரம் சொல்ல எவராலும் ஏலாது.

பெரியவர்களில் முதல் எதிரி பிறஷர். வருடக்கணக்காகக் கட்டுப்படாமல் இருக்கும் அழுத்தம் மூளையின் ஆழத்திலுள்ள சிறு நாடிகளின் சுவரை அரித்துவிடும். ஒரு நாள் வெடிக்கும். ஆழத்தில் நடப்பதால் உள்ளறை பக்கத்திலேயே இருக்கும். மூளைக்குள் இரத்தக் கசிவு வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேரளவில் இரத்தம் அறைக்குள்ளும் பாய்ந்துவிடுகிறது. நாடியில் குமிழ்போலப் புடைத்த இடம் வெடிப்பது, பிறவியிலேயே பின்னிக்கிடக்கும் இரத்தக் குழாய்கள், வார்பரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்தின் அளவு மீறுவது, மோட்டார்சைக்கிளில் தலைக்கவசம் இல்லாமல் விழுவது ஆகியவையும் காரணங்கள். 2001 இல் சான் பிரான்சிஸ்கோவில் மூளை இரத்தக் கசிவுக்கு ஒரு புள்ளிக் கணக்கு வகுத்தார்கள். நினைவு நிலை, கசிவின் அளவு, இடம், வயது ஆகியவற்றோடு, உள்ளறையில் இரத்தம் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு புள்ளி. புள்ளி கூடக் கூட உயிராபத்தும் கூடும்.

குழாயின் கதைக்கு வருவோம். தலைக்குள் தேங்கிய நீரை வெளியே எடுக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1744 இல் பிரான்சின் ரூவான் நகரில் க்ளோட்-நிக்கொலா ல கா என்பவர் ஒரு பிள்ளையின் தலைக்குள் குழாயைச் செலுத்தி நீரை இறக்கிப் பார்த்தார். கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம். நமது பக்கத்தில் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டார். மூளையின் கூறுகளைத் தமிழில் படித்துத் தேறிய வைத்தியர்கள் இந்தக் குடாநாட்டில் இருந்தார்கள். ஆனால் அந்த நூல் வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தே, 1881 இல், ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே கிருமிநீக்கிய ஊசியால் உள்ளறையைத் துளைத்து நீரை வெளியே வடியவிட்டார். இன்றும் திடீரென அறைக்குள் இரத்தம் கொட்டியவருக்கு முதலில் செய்வது இதுதான். நெற்றிக்கு மேலே சிறு துளை, ஒரு குழாய், கட்டிலோரத்தில் அளவு கீறிய பை. பையைத் தூக்கினால் வடிவது குறையும், இறக்கினால் கூடும். அதனால்தான் தாதிமார் கட்டிலின் உயரத்தை மாற்றவே விடமாட்டார்கள்.

சில நாட்களுக்கு இது போதும். மாதக்கணக்கில் வெளியே குழாய் நின்றால் கிருமி ஏறிவிடும். நீரை உடம்புக்குள்ளேயே வேறிடத்துக்கு அனுப்பவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்தர் கௌஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் தலையிலிருந்து வயிற்றுக்கு இறப்பர்க் குழாய் போட்டுப் பார்த்தார். பிள்ளை இறந்துவிட்டது. வெறும் குழாயில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் நீர் மடமடவென்று இறங்கிவிடும். மூளை சுருங்கி மேற்பரப்பு நாளங்கள் கிழியும். மற்றது, குழாயின் மறுமுனையை இதயத்துக்குப் போகும் நாளத்தில் விட்டால் இரத்தம் திரும்பி மேலேறிக் குழாயை அடைத்துவிடும். ஒரு பக்கம் மாத்திரம் திறக்கிற, இவ்வளவு அழுத்தம் வந்தால்தான் திறக்கிற ஒரு வால்வு வேண்டும். மனித உடம்புக்குள் வருடக்கணக்காகத் துருப்பிடியாமல், அழுகாமல், சத்தமின்றி வேலை செய்யவேண்டும்.

1949 இல் பென்சில்வேனியாவில் பிராங்க் நல்சனும் யூஜின் ஸ்பிட்ஸும் சுருள்வில்லும் குண்டுமாக ஒரு வால்வைச் செய்து ஒரு பிள்ளைக்குப் பொருத்தினார்கள். பிள்ளை தேறியது. ஆனால் அது நம்பிச் செய்யக்கூடிய பொருளாக வளரவில்லை. வேலூரில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியதும் அதே 1949 இல்தான். கொழும்பில் ஷெல்டன் கப்ரால் 1950களின் நடுவில் அந்தத் துறையை இலங்கைக்குக் கொண்டுவந்தார். கத்தியைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரையிலும் வந்துவிட்டார்கள். பொருத்துவதற்கான சாமான்தான் உலகத்தில் எங்கேயும் இல்லை.

1955 நவம்பரில் பிலடெல்பியாவில் ஜோன் ஹோல்டர் என்பவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் கேசி. முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறந்த பிள்ளை. சில நாட்களில் தலையிலும் நீர் சேரத் தொடங்கியது. கேசிக்கு இது இரத்தக் கசிவால் வந்ததல்ல. ஆனால் தேங்கிய நீருக்கு வழி தேடுவது எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதான். உச்சிக்குழியில் ஊசி போட்டு நீரை எடுப்பதைத் தகப்பன் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டியிருந்தது. ஹோல்டர் மருத்துவம் படித்தவரல்லர். யேல் அன்ட் டவுன் என்ற பூட்டுக் கம்பனியில் நுண்பொறி வேலை செய்தவர். பூட்டில் ‘யேல்’ என்று பொறித்திருக்குமே, அந்தக் கம்பனிதான்.

பிள்ளையைப் பார்த்தவர் அதே ஸ்பிட்ஸ். ஒரு நாள் ஹோல்டர் அவரிடம், உங்களுக்கு உண்மையில் என்னதான் தடை என்று கேட்டார். ஸ்பிட்ஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தகப்பன் எத்தனை கேள்வி கேட்டாலும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வெளியில் இருங்கள் என்று சொல்லும் டொக்டர் வாய்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்கு ஹோல்டரின் கெட்டித்தனத்தைவிட ஸ்பிட்ஸின் அந்தப் பதில்தான் பெரிதாகப் படுகிறது.

தாதி ஒருவர் சேலைன் ஏறும் இறப்பர்க் குழாயில் ஊசியைக் குத்தி மருந்து ஏற்றுவதை ஹோல்டர் கவனித்திருக்கிறார். ஊசியை உருவிய பிறகும் குழாய் ஒழுகவில்லை. துளையை இறப்பரே இறுக்கிக்கொள்கிறது. ஆனால் உள்ளிருந்து போதிய அழுத்தம் வந்தால் அந்தக் கீறல் திறக்கத்தானே வேண்டும்? குழந்தைகளின் பால்போத்தல் சூப்பியும் அப்படித்தானே வேலை செய்கிறது? வீட்டுப் பட்டறையில் அன்றே தொடங்கினார். முனை மூடிய சிறு குழாயில் ஒரு கீறல். உள்ளே அழுத்தம் ஏறினால் உதடுகள் விலகும், வெளியிலிருந்து அமுக்கினால் இன்னும் இறுகும். அப்படி இரண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு மென்குழாய். தோலுக்கு மேலே விரலால் நடுப்பகுதியை அமுக்கி, வால்வு வேலை செய்கிறதா என்று டொக்டர் பார்த்துக்கொள்ளலாம். இறப்பர் உடம்புக்குள் நிலைக்காது. கேட்டு விசாரித்துத் திரிந்ததில், அப்போதுதான் தொழிற்சாலைகளில் புழங்கத் தொடங்கியிருந்த சிலிக்கோன் அவர் கைக்கு வந்தது. உடம்பு அதை வேற்றுப்பொருள் என்று எதிர்க்கவும் இல்லை, கிருமி நீக்கும் கொதிநீராவியில் அது உருகவும் இல்லை. 1956 இன் முதல் மாதங்களுக்குள் வால்வு தயார். பிள்ளை பிறந்து அரை ஆண்டும் ஆகவில்லை.

முதலில் பொருத்தப்பட்டது கேசிக்கல்ல, வேறொரு பிள்ளைக்கு. வால்வு வருவதற்கு முன்பே நடந்த ஓர் அறுவையில் கேசியின் இதயம் நின்று, மூளைக்குச் சேதம் வந்துவிட்டிருந்தது. பிறகு அவனுக்கும் தகப்பன் செய்த வால்வைப் பொருத்தினார்கள். ஐந்து வயதில் கேசி இறந்துபோனான். ஹோல்டர் பூட்டு வேலையை விட்டுவிட்டு, ஊரூராக ஆஸ்பத்திரிகள் கேட்ட வால்வுகளைச் செய்துகொடுக்கத் தனியாகப் பட்டறை போட்டார். ‘ஸ்பிட்ஸ்-ஹோல்டர் வால்வு’ என்று உலகமெங்கும் போனது அதுதான்.

இரத்தம் இந்தக் கதைக்குள் வருவது இனித்தான். 1960 டிசம்பர் 5. நியூயோர்க் தெருவொன்றில் தள்ளுவண்டியில் போய்க்கொண்டிருந்த நான்கு மாதப் பிள்ளையை டாக்சி ஒன்று மோதியது. பிள்ளையின் பெயர் தியோ. தகப்பன் ரோல்ட் டால். பின்னாளில் ‘சார்லியும் சாக்லெட் தொழிற்சாலையும்’ எழுதியவர். மண்டையோடு நொறுங்கி, உள்ளே இரத்தம் கசிந்து, நாளடைவில் தலையில் நீர் தேங்கியது. ஷண்ட் வைத்தார்கள். அடைத்தது. எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். அதுவும் அடைத்தது. ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்குக் கண் தெரியாமல் போகும், திரும்ப அறுவை, திரும்பப் பார்வை. குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. லண்டனின் கிரேட் ஓர்மண்ட் வீதிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கெனத் டில் என்ற நரம்பு அறுவை மருத்துவர் காரணத்தைக் கண்டுசொன்னார். உள்ளறைக்குள் இரத்தம் கொட்டிய பிள்ளைகளின் நீர் தெளிவாக இராது. கட்டி கரைந்த கசடும் சிதைந்த திசுத் துணுக்குகளும் அதில் மிதக்கும். ஹோல்டரின் நுண்ணிய கீறல்களில் அவை போய்ச் சிக்கும். தெளிந்த நீருக்குச் செய்த வால்வு கலங்கிய நீரில் திணறுகிறது.

டாலுக்கு விளையாட்டு விமானம் பறக்கவிடுவதில் விருப்பம். அந்தப் பழக்கத்தில் ஸ்ரான்லி வேட் என்பவரைத் தெரியும். வேட் நீரியல் பொறியாளர். சிறு விமானங்களின் எஞ்சினுக்கு அடைக்காத எரிபொருள் பம்புகள் செய்வதில் மன்னன். டால் அவரை டில்லிடம் அழைத்துச் சென்றார். ஒருவர் நோயை விளக்க, ஒருவர் உலோகத்தை இழைக்க, நடுவில் எழுத்தாளர் இருவரையும் விடாமல் நச்சரிக்க, கீறலுக்குப் பதிலாகச் சிறு உலோகத் தட்டுகள் அசைந்து வழிவிடும் ஒரு வால்வு பிறந்தது. 1962 இல் முதல் பிள்ளைக்குப் பொருத்தினார்கள். மூவரும் இதில் ஒரு சதமும் இலாபம் எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ‘வேட்-டால்-டில் வால்வு’ என்று பெயர். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் போனது. தியோவுக்கு அது தேவைப்படவில்லை. அதற்குள் அவன் தேறி, குழாயே இல்லாமல் இருக்கத் தொடங்கிவிட்டான்.

அந்த வீட்டை மூளை இரத்தக் கசிவு அத்தோடு விடவில்லை. 1965 இல் தியோவின் தாய், நடிகை பற்றீசியா நீல், கர்ப்பமாக இருக்கும்போது தலைக்குள் நாடிப் புடைப்பு வெடித்து மூன்று கிழமை நினைவில்லாமல் கிடந்தார். எழும்பியபோது பேச்சில்லை, ஒரு பக்கம் அசைவில்லை. டால் அயலவர்களை முறை வைத்து வரவழைத்து, நாளுக்கு மணிக்கணக்காக அவரைப் பேசவைத்து, எழுதவைத்து, படிக்கவைத்தார். அந்தப் பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. நீல் மீண்டும் நடிக்கவும் போனார். பாரிசவாதம் வந்தவரை மூலையில் கிடத்திவிட்டு, பாவம், ஏன் வருத்துவான் என்று இரக்கப்படும் வீடுகள் கேட்கவேண்டிய கதை இது.

வால்வின் வகைகள் பிறகு பெருகின. கொலம்பியாவில் சாலமோன் ஹக்கீம், கலிபோர்னியாவில் ராபர்ட் புடென்ஸ் என்று ஆளுக்கொரு விதம். சிலிக்கோன் வந்த பிறகு இதயத்துக்குப் பதிலாக வயிற்றுக்குள் நீரை விடுவதும் திரும்பி வந்தது. வயிற்றில் குழாயை நீளமாகச் சுருட்டி விட்டால் பிள்ளை வளரும்போது அது தானே நீண்டு கொடுக்கும். பெயர்கள் கூடின, விலையும் கூடியது. 1998 இல் கனடாவின் ஜேம்ஸ் டிரேக்கும் தோழர்களும் 344 பிள்ளைகளில் மூன்றுவித வால்வுகளைச் சீட்டுக் குலுக்கிப் பொருத்தி ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கொன்று ஒரு வித்தியாசமும் இல்லை. எதை வைத்தாலும் முதல் ஆண்டிலேயே பத்தில் நாலு அளவில் பழுதாயின. புதிய மாடல் என்று கேட்டவுடன் காணியை ஈடு வைக்கப் போகிறவர்கள் இந்த முடிவை ஒருக்கால் யோசிக்கவேண்டும்.

மலிவான வால்வு இந்தியாவில் பிறந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஷாஜகான்பூர் என்ற நகரம் இருக்கிறது. லக்னோவின் நரம்பு அறுவை மருத்துவர் டி.கே. சாப்ராவும் அங்கே பட்டறை வைத்திருந்த ஜி.டி. அகர்வாலும் சேர்ந்து, கீறலும் சுருள்வில்லும் கொண்ட ஒரு ஷண்டை உருவாக்கினார்கள். ‘சாப்ரா ஷண்ட்’. அதைக் குறைத்து மதித்தவர்கள் உண்டு. உகண்டாவின் ம்பாலே நகரில் பிள்ளைகளுக்கு அறுவை செய்துகொண்டிருந்த அமெரிக்கர் பெஞ்சமின் வார்ஃப், 195 பிள்ளைகளில் சாப்ரா ஷண்டையும் மேலைநாட்டு ஷண்ட் ஒன்றையும் ஒப்பிட்டு 2005 இல் முடிவை வெளியிட்டார். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அப்போது சாப்ரா ஷண்டின் விலை 35 டொலர், மற்றதன் விலை 650 டொலர்.

போர்க்காலத்தில் ஏ-9 வீதி மூடிக்கிடந்த ஆண்டுகளில், தலைக்குள் இரத்தம் கசிந்த ஒருவரைக் குடாநாட்டிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோக வள்ளமோ கப்பலோ விமானமோ கிடைக்கவேண்டும், பாஸ் கிடைக்கவேண்டும், அதற்குள் உயிர் இருக்கவேண்டும். 1995 ஒக்டோபரில் அச்சுவேலி வழியாகச் சண்டை நகர்ந்தபோது சனம் முழுவதும் எழும்பி ஓடியது. அந்த நாட்களில் பிறந்த குறைமாதப் பிள்ளைகளின் உச்சிக்குழியில் ஸ்கான் வைத்துப் பார்க்க யார் இருந்தார்கள்? பொருள் மலிவாகிவிட்டது என்பதாலேயே அது பிள்ளையின் தலைக்கு வந்துசேர்ந்துவிடாது. பாதையும் திறந்திருக்கவேண்டும்.

குழாயால் முடியாததையும் சொல்லவேண்டும். அது நீரை இறக்கும், இரத்தம் செய்த சேதத்தைத் திருத்தாது. பெரியவர்களில் அறைக்குள் கிடக்கும் கட்டியையே கரைத்துவிட்டால் என்ன என்று யோசித்து, வடிகுழாய் வழியாகக் கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். டானியல் ஹான்லி தலைமையில் 500 நோயாளரில் நடந்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 18 வீதமும் உப்புநீர் மாத்திரம் பெற்றவர்களில் 29 வீதமும் இறந்திருந்தார்கள். கேட்க நல்ல செய்தி. ஆனால் ஓரளவுக்குத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்குத் தேறியவர்கள் 48 வீதம், மற்றப் பக்கம் 45 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை. சாவிலிருந்து மீண்டவர்களில் பலர் படுக்கையிலேயே தங்கிவிட்டார்கள். உயிர் தப்பினால் போதும் என்று சொல்லும் குடும்பமும் உண்டு, இப்படி வைத்திருக்கவா என்று அழும் குடும்பமும் உண்டு. கணக்கால் தீர்க்கக்கூடிய கேள்வியல்ல இது.

ஆகவே இரத்தம் கொட்டாமல் பார்ப்பதே பெரிய வைத்தியம். குறைமாதப் பிள்ளைகளின் விஷயத்தில் அதற்கும் ஒரு பிறந்த கதை இருக்கிறது. நியூசிலாந்தின் ஓக்லண்டில் கிரகாம் லிகின்ஸ் செம்மறி ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். தாய்க்குள் ஸ்ரீரொயிட் பெற்ற குட்டியொன்று, காலத்துக்கு முன் பிறந்தும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ரொஸ் ஹோவியோடு சேர்ந்து 282 தாய்மாரில் அதைச் சோதித்து 1972 இல் வெளியிட்டார். பிரசவ நோ முந்தி வந்த தாய்க்கு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைவில் பக்குவப்படுகிறது. மூச்சு நிலையாக இருப்பதால் மூளையில் இரத்தக் கசிவும் குறைகிறது. இந்த மலிவான ஊசி எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழக்கத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அந்த இருபது ஆண்டில் தலையில் நீர் தேங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இலங்கையில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. வீட்டுக்கு வந்து பார்க்கும் மிட்வைப் எல்லாக் கிராமத்துக்கும் உண்டு. ஏழாம் மாதத்தில் அடிவயிறு இழுத்துப் பிடித்தால், நீர் உடைந்தால், சூட்டு நோ என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காமல் உடனே போவதற்குக் காரணம் இந்த ஊசிதான். அது வேலை செய்ய நேரம் வேண்டும். இருபத்துநாலு மணித்தியாலம் கிடைத்தால் நல்லது. பெரியவர்களின் பக்கத்தில் சொல்வதற்கு இன்னும் குறைவு. அரசாங்க கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் பிறஷர்க் குளிசையை, தலை சுற்றவில்லை, இப்ப சுகமாய்த்தானே இருக்கிறேன் என்று நிற்பாட்டாமல் குடிப்பது.

குழாய் வைத்த பிள்ளையோ பெரியவரோ இருக்கும் வீட்டாருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம், பத்து ஆண்டு கழித்தும் அடைக்கலாம். சத்தி, தலையிடி, வழக்கத்துக்கு மாறான நித்திரை, கண் கீழ்நோக்கி இழுபடுதல், புதிதாக வலிப்பு, கைக்குழந்தையில் உச்சி புடைத்தல், குழாய் ஓடும் வழியில் சிவப்பு, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கை வைத்தியம் செய்யவேண்டாம். மேட்டை நீங்களாக அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளினிக் கொப்பியையும் பழைய ஸ்கான் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் காணும் ஆளிடமே, பேர், வயது சொல்வதற்கும் முன்னால், "தலைக்குள்ளை குழாய் இருக்கு" என்று சொல்லுங்கள்.